வேனை வேண்டாம் என்றவன்

கும்மிடிப்பூண்டி ரயில் வரும் நேரம் பார்த்து, பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் எபினேசர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். பக்கத்தில் நின்ற மனைவி ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேக்டரிக்குப் போகிற ஆள் யாருக்காக இப்படி வகிடு எடுக்கிறான்?

முந்தின நாள் மாலை கம்பெனி மேனேஜர் ஆதிநாராயணன் அவளுக்கே போன் செய்திருந்தார். வேப்பம்பட்டில் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ள கம்பெனி வேனில் இடம் ஒதுக்கியிருக்கிறோம், உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், எப்படியாவது அவர் ரயிலில் வருவதை நிறுத்துங்கள் என்றார். நாளைக்குள் பதில் வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். எபினேசர் இதைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை.

வேப்பம்பட்டையும் கும்மிடிப்பூண்டியையும் ஒரு கவட்டைக் குச்சியின் இரண்டு முனைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். வேன் பெரியபாளையம் வழியாகக் குறுக்கே போய்விடும். ரயிலில் என்றால் ஒரு முனையிலிருந்து சென்னைப் பக்கம் இறங்கி, கவட்டையின் அடியில் இருக்கிற பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மறுபடியும் வடக்கே அடுத்த முனைக்கு ஏற வேண்டும்.

அதனால் எபினேசர், மகள் பிரின்சி கண் விழிக்கும் முன்னே கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பாவாகிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் தூக்கப் போனபோது குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. ஷைனியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவனோடு கிளம்பிவிட்டாள்.

"நானே வந்து மேனேஜராண்ட வேன் கேக்கறேன். உனுக்குத்தான் வாய் செத்துப்போச்சே."

வாய் இருந்தவன்தான். அதே கம்பெனியின் திருவள்ளூர் யூனிட்டில் அவன் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினான். கை உள்ளே இருந்தால் அச்சு இறங்காமல் நிறுத்துகிற சென்சார் அந்த மெஷினில் உண்டு. உற்பத்தி வேகமாக நடக்கட்டும் என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். ஒருவருக்கு இரண்டு விரல் போனது. எபினேசர் சங்கம் வைக்க ஆள் சேர்த்தான். அவனைத் தூக்கிக் கும்மிடிப்பூண்டி யூனிட்டில் போட்டார்கள். இனி ஃபேக்டரி கேட்டுக்குள் சங்கப் பேச்சு பேசினால் வேலை இல்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்தைப் போடு போடு என்று அன்றைக்கு அழுதவளே ஷைனிதான்.

ரயில் வந்தது. அவளை லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு எபினேசர் கடைசிப் பெட்டிக்கு ஓடினான்.

உள்ளே பாதிப் பெண்களின் கழுத்தில் எபினேசருடைய கம்பெனி அட்டைதான் தொங்கியது. பக்கத்தில் இருந்தவளின் அட்டையில் இளமதி என்றிருந்தது. கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

"பிரஸ்ல மாட்டிக்கிச்சுக்கா. கட்டு போட்டு உட்டாங்க, லீவுதான் தர மாட்டேன்றாங்க."

ஷைனியின் காதில் அது பாதிதான் விழுந்தது. அவள் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

இந்த மின்சார ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளே வழி கிடையாது. மாற வேண்டுமென்றால் ஸ்டேஷனில் இறங்கி, வண்டி நகர்வதற்குள் ஓடி ஏற வேண்டும். திருவொற்றியூரில் எபினேசர் அப்படித்தான் இறங்கி ஓடினான். எண்ணூரிலும் ஓடினான். அத்திப்பட்டிலும் பெட்டி மாறினான். எவளையோ தேடிக்கொண்டு வருகிறான் என்று ஷைனிக்குப் புரிந்துபோயிற்று.

மீஞ்சூரில் அவன் லேடீஸ் பெட்டியைத் தாண்டி அடுத்ததற்கு ஓடினான். பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிற ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷைனி குதித்து இறங்கி, அவன் ஏறிய பெட்டியிலேயே ஏறினாள். எவளாக இருந்தாலும் சரி, முடியைப் பிடித்து உலுக்கிவிடுவது என்ற முடிவோடு கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள்.

எவளும் இல்லை. கம்பெனிச் சட்டை போட்ட ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் அவளுக்கு முதுகு காட்டி நின்ற எபினேசர், சென்சார் ஒயரை எந்த இடத்தில் கழற்றிவிடுகிறார்கள், ஒருத்தன் மட்டும் போய்க் கேட்டால் என்ன ஆகும், ஷிப்டே சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான். ஷைனிக்கு இளமதியின் கட்டுப் போட்ட கை நினைவுக்கு வந்தது.

நரைத்த தலை சின்னதுரை குறுக்கிட்டார். "நைனா, பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இங்க பேசிக்கினு இருக்கியே?"

"கேட்டுக்குள்ளதான் பேச மாட்டேன்னு போட்டேன். வேன்ல ஒம்போது பேருதான் வராங்க. இங்க கம்பெனியே வருது."

சொல்லிவிட்டுத் திரும்பியவன் ஷைனியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கூட்டம் தானாக வழி விட்டது.

"மேனேஜராண்ட கூட்டிக்கினு போறேன், வேன் கேளு," என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"சீக்கிரம் எனுக்கும் சொல்லிக்குடு. பொன்னேரியில நான் லேடீஸ்ல ஏறணும்."