யார் பேரில் கம்பெனி?

"எல்லாத்தையும் அவங்க பேர்லயே போட்டுடுங்க சார்" என்றான், ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணோடு வந்தவன்.

ஆடிட்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். புதுக் கம்பெனி பதிவு செய்ய வருகிற புருஷன்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். ஏற்கெனவே ஒரு கம்பெனியைக் கவிழ்த்தவன், வரிக்குப் பயந்தவன், வேலையில் இருந்துகொண்டே திருட்டுத்தனமாகத் தொழில் செய்பவன், எல்லோருக்கும் பெண்டாட்டி பேர் ஒரு குடை. நனைவதெல்லாம் குடைதான்.

"என்ன தொழில் சார்?" என்று அவனிடம் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் பழுது பார்த்துக் கொடுக்கிறோம்" என்றாள் அவள். "சின்னப் பட்டறைதான். இப்ப ஒரு பெரிய ஆஸ்பத்திரி மொத்த வேலையும் தர்றேங்கிறாங்க. ஆனா கம்பெனியாப் பதிவு பண்ணியிருந்தாத்தான் தருவாங்களாம். அடுத்த வாரம் கடைசி நாள்."

நன்றாகத்தான் பாடம் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் ஆடிட்டர்.

"அடுத்த வாரமா? என்ன சார் நீங்க, கழுத்தைப் பிடிக்கிற நேரத்துல வந்து நிக்கிறீங்க! போன மாசமே வந்திருக்கக் கூடாதா?"

அவன் தலையைச் சொறிந்தான். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா பட்டறையை மூட வேண்டியதுதான் சார்" என்றாள், மேஜையைப் பார்த்தபடியே.

"பார்க்கலாம், பார்க்கலாம். கம்பெனிக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?"

அவள் ஒரு தாளை நகர்த்தி வைத்தாள். அதில் மூன்று பேர்கள் இருந்தன. ஆடிட்டர் படித்துவிட்டுத் தாளை அவன் பக்கம் திருப்பினார்.

"இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்கென்ன சார், எதுவா இருந்தா என்ன" என்றான் அவன்.

"முதல்ல இருக்கிறது கிடைச்சா நல்லது" என்றாள் அவள்.

"சரி, ரெண்டு இயக்குநர் வேணும். நீங்க ஒருத்தர், இவங்க ஒருத்தர். அவ்வளவுதானே?"

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "ஐயையோ! என்னை விட்டுடுங்க சார். கையெழுத்து வம்பே நமக்கு ஆகாது."

"என் தங்கச்சி போடுவா" என்றாள் அவள்.

ஆடிட்டருக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு தலை. இரண்டும் பெண் தலை. இவன் மட்டும் ஒரு தாளிலும் இருக்க மாட்டான்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி இதே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறாள். புருஷன் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள். அவன் ஊரை விட்டுப் போனபின் வழக்கெல்லாம் அவள் வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆடிட்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மனைவி பேரில் கம்பெனி என்று யார் வந்தாலும் புருஷனை நாசூக்காக வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுவார். இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டுகூட வாங்கியிருக்கிறார்.

"சார், கீழே ஜெராக்ஸ் கடை இருக்கு. இவங்க அடையாள அட்டையெல்லாம் ரெண்டு ரெண்டு காப்பி எடுத்துட்டு வந்துடுறீங்களா?"

அவன் விட்டால் போதும் என்று கிளம்பினான். கதவு சாத்திக்கொண்டது. ஆடிட்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க சார்."

"அவர் எதுலயும் பிடி கொடுக்காமப் பேசறார், கவனிச்சீங்களா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்களையும் உங்க தங்கச்சியையும்தான் கேப்பாங்க. அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது. உங்க பேர்ல கம்பெனின்னா நடத்துறதும் நீங்களா இருக்கணும். பொம்மையா உட்காரக் கூடாது."

"சரிங்க சார்."

"சரிங்க சார்னு சொன்னா ஆச்சா? தைரியம் வேணும்மா. வங்கியோ ஆபீஸோ, நீங்களே தனியாப் போய்ப் பேசிப் பழகணும். என்னிக்காவது அப்படிப் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன் சார்."

"எங்கே?"

"இங்கதான். போன மாசம்."

ஆடிட்டர் அப்போதுதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"இதே நாற்காலியிலதான் உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே கேட்டீங்க. 'வீட்ல ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா, அவங்ககிட்ட பேசிக்கிறேன்'னு அனுப்பிட்டீங்க."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலை நெருக்கடியில சொல்லியிருப்பேன்... அதனால என்ன, இப்பத்தான் உங்க வீட்டுக்காரரோட வந்துட்டீங்களே!"

"வீட்டுக்காரர் இல்லை சார். வீட்ல நானும் தங்கச்சியும்தான்" என்றாள் அவள். "அவர் எங்க பட்டறையில கட்டிலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நீங்க பேசறதுக்கு ஒரு ஆம்பளை வேணுமேன்னு அரை நாள் கூலிக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன்."