‘முன்பு’ படம்

திரையில் ‘முன்பு’ என்ற எழுத்து வந்ததும், நான்காவது வரிசையில் இருந்த தையல்கார அக்கா தன் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, நாங்கள் விடுமுறையில் செய்த ஊழியத்தைச் சபைக்குக் காட்டும் நேரம் அது.

நாங்கள் என்றால் நான்கு கல்லூரி மாணவர்கள். இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்தவர்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்துவோம். மற்ற நாட்களில் இல்லாதப்பட்டவர்களின் வீடுகளைப் பழுதுபார்ப்போம். ஆணியை அடித்ததைவிட எங்கள் கட்டைவிரலை அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

எங்கள் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமென் அண்ணன். எதைக் கேட்டாலும் ஆமென் என்பார். ஆனால் ‘முன்பு’ படம் இல்லாமல் ஒரு ஆணிகூடத் தர மாட்டார். வீடு எவ்வளவு மோசம் என்று படத்திலேயே தெரிய வேண்டும் அவருக்கு.

தையல்கார அக்கா வீட்டுத் தகரக் கூரையில் ஒன்பது ஓட்டைகள். மழை வந்தால் மெஷினையும் ஊராரின் துணிகளையும் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே ஊர்வலம் போவார். அடுத்த மழைக்குள் கூரை மாறாவிட்டால் தன் பிழைப்பு போச்சு என்று அவரே சொன்னார். ஆனால் படம் மட்டும் எடுக்க விடவில்லை.

விடவில்லை என்றும் சொல்ல முடியாது. தாராளமாகவே விட்டார்.

முதல் முறை போனபோது வாளிகளைக் காணோம். தரை பளிச்சென்று கழுவியிருந்தது. கறை படிந்த சுவரைப் பூப்போட்ட திரைச்சீலை மறைத்தது. ஓட்டைகளுக்குக் கீழே புதுப் போர்வை ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்.

எடுத்து அனுப்பினேன். “வீடு அருமையா இருக்கே, ஸ்தோத்திரம்! அடுத்த விண்ணப்பம்?” என்று ஆமென் அண்ணனிடமிருந்து பதில் வந்தது.

இரண்டாம் முறை, வாளியையாவது வையுங்கள் என்று கெஞ்சினேன். வைத்தார். கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூட உரிக்காத புது வாளி. படத்துக்காகவே வாங்கினாராம்.

மூன்றாம் முறை போனது, விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில். அன்றைக்குத்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

“நீங்க அதைப் பெரிய திரையில போடுவீங்க. என் பொண்ணு கூட்டாளிங்களோட அங்கதானே உக்காந்திருப்பா?”

மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிறவள். நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். அதற்குமேல் அக்காவை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மாலை ஐந்து மணியோடு கெடு முடிந்துவிடும். நாலே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தேன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது.

“இந்த வருஷம் வந்ததுலயே இதுதான் ரொம்ப மோசம். முதல்ல இதை முடிப்போம். ஆமென்.”

முடித்தோம். மூன்று நாள் வேலை. எங்களில் ஒருவன் ஏணியில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழித்தான். அவனை இறக்க அக்காதான் மெஷினை விட்டு எழுந்து வந்தார். அப்படியும் கூரை நின்றது. போன வாரம் கொட்டிய மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மழை பெய்யப் பெய்ய அக்கா பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் படம் திரையில் சுவர் அகலத்துக்கு நின்றது.

இரண்டு வாளி, மூன்று பாத்திரம். மேசை மேல் ஏற்றிய மெத்தை. வீட்டுக்குள்ளேயே விரித்து, அடுப்புக்கு மேலே கட்டிவைத்த ஒரு குடை.

சபையே உச்சுக் கொட்டியது. “இப்படியும் மனுஷங்க வாழறாங்க பாருங்க” என்றார் ஆமென் அண்ணன். நானும் எல்லோரோடும் சேர்ந்து உச்சுக் கொட்டினேன். சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

மகள் அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். அக்கா இல்லை என்று தலையாட்டினார். பிடித்திருந்த கையை விட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகுதான் குழப்பம் வந்து, திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

அதற்குள் ‘பின்பு’ வந்தது. புதுக் கூரையின் கீழே தலைவாரிச் சிரித்தபடி அக்கா. சரியாக வரும்வரை மூன்று முறை எடுக்கச் சொன்ன படம் அது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். செய்தது பொய்தான். ஆண்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அக்காவிடம் என்ன பேசுவது என்றுதான் யோசிக்கவில்லை.

வாசலில் பிடித்துவிட்டார்.

“அது எங்க வீடு இல்லையே. பாவம், யார் வீட்டையோ காட்டி எங்களுக்கு வாங்கிக் குடுத்துட்டே. அவங்களுக்கு எப்பம்மா கூரை போடப்போறீங்க?”

எங்கோ கிடைத்த படம், யார் வீடென்று தெரியாது என்று சொல்ல ஒரு பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் முந்திக்கொண்டது.

“எங்கம்மாவுக்கு அது பழகிடுச்சுக்கா.”