பத்திரம் என்கிறார்கள்

பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் பாண்டிச்செல்வி. பாய்லர் மேல் விழும் காலை வெயில் இரவெல்லாம் தூங்காமல் வீங்கிய அவள் கண்ணைக் கூச வைக்கிறது. வளைகுடாப் போரில் நம்மவர்கள் அனைவரும் பத்திரம் என்று அரசு அறிவித்திருப்பதை டிவி மூன்றாவது முறையாகச் சொல்கிறது. "அதான் கவர்மெண்டே சொல்ட்டாங்களேம்மா, அப்புறம் இன்னா?" என்று டீயை நீட்டுகிறார் கடைக்காரர் ஜீவானந்தம். "ஓகேன்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்ற பெட்டியையே பிரிச்சுப் பாக்கதுதான் அண்ணாச்சி என் வேலை" என்கிறாள் அவள். அதற்குள் போன் அடிக்கிறது. வீடியோவில், வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி பேச்சிராஜ். "நல்லா இருக்கேன்க்கா." அதையும் அவள் நம்புவதாயில்லை. "ரெண்டு கையையும் காட்டுல. திரும்பு. நாலு எட்டு நட, பாப்போம்." கம்பெனி லைனில் வரும் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் தம்பியைப் பார்க்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே நடந்து காட்டுகிறான். "நீ எப்படிக்கா இருக்க?" "எனக்கென்னல, நல்லாத்தான் இருக்கேன்." "சரி, மூஞ்சியக் கிட்டக் காட்டு." சட்டென்று போனை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறாள். "பஸ் வந்துட்டுல, வைக்கேன்." ஜீவானந்தம் எட்டிப் பார்க்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பஸ் எதுவும் இல்லை.