ஜெயராஜ் டாக்டரின் கை

“ஆளு செத்தது தெரியாமலா கும்மிடிப்பூண்டிலேர்ந்து பஸ் புடிச்சு வந்தே, நைனா?” என்றார் சடையப்பன்.

திருவள்ளூர் பல் டாக்டர் ஜெயராஜின் முன்னறையில் அப்போது இருந்தவர்கள்: எதிர்க் கடையில் டீ ஆற்றும் இந்தச் சடையப்பன், ரயில்வே குமாஸ்தா துளசிராமன், பழவேற்காட்டுக் கருவாட்டுக்காரி எல்லம்மா, டாக்டரின் மனைவி சாராள், அப்புறம் வலது கன்னம் பன்னு மாதிரி வீங்கிய மாரியப்பன்.

டாக்டர் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் பஜார் தெருவில் போர்டு மாட்டியவர், எழுபத்துநாலு ஐப்பசி மழையில் மாரடைப்பில் போய்விட்டார். முந்தின நாள்தான் அடக்கம்.

மாரியப்பன் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் வலி காதுவரை இழுத்தது. இரும்புக் கம்பெனியில் அவன் தற்காலிகம். ஏற்கெனவே லீவு போட்டாயிற்று. நாளைக் காலை ஷிப்டுக்குப் போகாவிட்டால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பக்கம் காட்டிய இடத்திலெல்லாம் மெட்ராசுக்குப் போகச் சொன்னார்கள். ஜெயராஜ் ஒருவரைத்தான் நம்பி வந்தான்.

“அவரு புடுங்கினா வெந்த மீன்ல முள்ளு எடுக்கற மாதிரிப்பா. சதையே கலையாது,” என்றாள் எல்லம்மா.

வலியிலும் மாரியப்பனுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. “எப்டி?” என்றான் ஒரு பக்க வாயால்.

“கண்ணு மேல துண்டைப் போட்டுடுவாரு. குறடைப் பாத்தா பாதி உசிரு போயிடும்ல? அப்பறம் ஊர்க்கதை பேசிக்கினே இருப்பாரு. பேச்சு முடியறதுக்குள்ள பல்லு கிண்ணத்துல கெடக்கும்.”

“எனக்கு இன்னிவரைக்கும் ஒண்ணு புரியல,” என்றார் துளசிராமன். “கை என் வாய்க்குள்ள இருக்கு. குரல் ஜன்னலாண்ட கேக்குது.”

“ஊசி போட்டா அப்டித்தான் சார். எனக்கு ஊடே சுத்திச்சு!” என்றாள் எல்லம்மா.

சடையப்பன் சிரித்தார். “ஒரு மாமியாருக்கு மொத்தப் பல்லையும் எடுத்தாரு. மருமக சந்தோசத்துல கோழி கொண்டாந்து குடுத்தா. நல்ல மனுசன். ஆனா ஒரு கிறுக்கு. என் கடைல கிளாசைக் கையால தொட மாட்டாரு. பெஞ்சு மேல வச்சு, கன்னுக்குட்டி மாதிரி குனிஞ்சு உறிஞ்சுவாரு. ஏன் டாக்டரேன்னு கேட்டா சிரிப்பாரு.”

சாராள் மாரியப்பனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே பல்லு வலிச்சா எங்க போறது, டாக்டரம்மா?” என்றபடி எல்லம்மா கூடையைத் தூக்கினாள். மூவரும் கிளம்பினார்கள். மாரியப்பனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

“தம்பி.”

திரும்பினான். சாராள் வாசலில் நின்றாள்.

“கடைசிப் பல்லா, அதுக்கு முன்னதா?”

“கடைசிது. இன்னாத்துக்கும்மா கேக்கறீங்க? அதான் டாக்டரு பூட்டாரே.”

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். சடையப்பன் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“வெளியில சொல்லமாட்டியே?”

“இன்னாத்த?”

“கல்யாணமாகி மறு வருஷமே அவருக்குக் கை நடுக்கம் வந்துடுச்சு,” என்றாள் சாராள். “அன்னியிலேர்ந்து அவரு ஜன்னல்கிட்ட நின்னு பேசறதோட சரி.”

மாரியப்பன் அவள் விரல்களைப் பார்த்தான். படியேறி உள்ளே போனான். அவன் பின்னால் சாராள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.