இரண்டாவது பட்டன்

"பச்சையம்மாக்கா, மறுபடியும் ரெண்டாவது பட்டனையா அமுக்கினீங்க?"

மேரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த அந்த பிரௌசிங் சென்டரே சிரித்தது. சிரிக்காதது ஒரே ஆள், தேளைப் பிடித்த மாதிரி மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பச்சையம்மாள்தான்.

கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு அழுதுகொண்டே திரும்பிப் போனாள். சிவப்பு எழுத்து பெரிசாக வந்து நின்றது.

'தவறு. தாய் மனம் நொந்து வீடு திரும்பினார். முற்றும்.'

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தடுப்பூசிக்கு அழைத்து வருகிற சுகாதாரப் பணியாளர்களுக்கு, இன்டர்நெட்டிலேயே பாடம் நடத்துவதென்று மேரி வேலை பார்க்கிற தொண்டு நிறுவனம் முடிவெடுத்திருந்தது. பாடம் என்றால் மனப்பாடம் பண்ணுகிற பாடம் இல்லை. ஒரு சம்பவம் வரும். கீழே மூன்று பட்டன் இருக்கும். எதை அமுக்குகிறோமோ, அந்தப் பக்கமாகக் கதை கிளை பிரிந்து போகும்.

"நீ உள்ளூர், கைக்குழந்தைக்காரி வேற. உனக்குத் தெரியாத சம்பவமா?" என்று கதை எழுதுகிற வேலையை நிறுவனத்தின் மேனேஜர் வேதகிரி சார் மேரியிடமே விட்டுவிட்டார்.

மேரியும் வீட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்து, அடுப்பில் குழம்பு கொதிக்க, பேப்பர் மேலே மகன் தவழ, கிளை கிளையாக வரைந்து தள்ளிவிட்டாள்.

சம்பவம் இதுதான்: ஊசி போடுகிற நாள். எல்லாம் முடிந்து நர்சம்மா கிளம்பிப் போன பிறகு ஒரு தாய் வருகிறாள். ஏன் லேட்டென்றால், ஊசி அட்டையை ஆடு தின்றுவிட்டதாம். அட்டை இல்லாமல் வரலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டாளாம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதல் பட்டன்: "பரவால்லம்மா, உட்காரு. நர்சம்மாவுக்கு போன் பண்றேன்."

இரண்டாவது பட்டன்: "ஆடு அட்டையத் தின்னுச்சுன்னா, நீ இன்னா புல்லு தின்னுகினு இருந்தியா? போ வூட்டுக்கு!"

மூன்றாவது: காதில் விழாதது போல் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவது.

இரண்டாவதைப் படித்துவிட்டு வேதகிரி சார் அசந்துபோனார். "எப்படிம்மா இப்படி நேர்ல கேக்கற மாதிரியே எழுதின?"

"எல்லாம் கற்பனைதான் சார்" என்று மேரி வெட்கப்பட்டாள்.

இன்று பரீட்சை. தேறாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது. மற்ற பணியாளர்கள் முதல் பட்டனை அமுக்கி, பச்சை எழுத்தும் கைதட்டலும் வாங்கி, டீ கிளாசோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, செவப்பா வருதே, தப்புன்னு தெரியுதில்ல?" என்றார் வேதகிரி.

"கண்ணு நல்லாத்தான் சார் கீது."

"அப்ப மொதல் பட்டனை அமுக்குங்க."

"இருங்க சார்."

டக். மறுபடி இரண்டாவது. மறுபடி அந்தத் தாய் அழுதுகொண்டே போனாள்.

"இந்தக்கா வாய்க்கு, பொட்டிக்குள்ள கீற புள்ளைக்கே காய்ச்சல் வந்துடும்போல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.

வேதகிரிக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசியா ஒரு தடவை பாரு மேரி. இதுக்கு மேலயும் திட்டறதையே அமுக்கினா, தேறலன்னு போட்டுடு. இப்படிப்பட்ட வாய் நமக்கு வேணாம்." செல்போன் அடிக்க, எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பச்சையம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத தாய், சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டாள் என்று மேரிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இருந்தாலும் வேலை போகிற விஷயம், மனசு கேட்கவில்லை.

"அக்கா, மொதல் பட்டன்க்கா. ஒரே அமுக்கு, வேலை நிக்கும். இல்லன்னா போயிடும்க்கா."

பச்சையம்மாள் தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே இரண்டாவதை அமுக்கினாள். தாய் அழுதாள். 'முற்றும்' வந்தது. பச்சையம்மாள் விடவில்லை. சிவப்பு எழுத்தின் மேல் ஒரு டக். தாயின் புடவை மேல் ஒரு டக். ஓரத்தில் நின்ற ஆட்டுப் படத்தின் மேல் ரெண்டு டக்.

"இன்னாக்கா தேடறீங்க?"

பச்சையம்மாள் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஊர் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல், மேரியின் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது.

"ஆடு அட்டையத் தின்னுடுச்சுன்னு இந்த ஒலகத்துல வந்து சொன்னவ நீ ஒருத்திதாண்டி மேரி. நான் பேசினதையும் ஒரு எழுத்து விடாம எழுதிக்கீற. பேசினேன், இல்லன்னு சொல்லல. அதான் அதையே அமுக்கறேன்."

மேரி, வேதகிரி சார் வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்த்தாள்.

"ஆனா, அத்தோட முற்றும்னு போட்டா ஆச்சா? அன்னிக்கே பொழுது சாயறதுக்குள்ள, பஸ்சுக்கு நின்னுகினு இருந்த நர்சம்மாவ சைக்கிள் பின்னால குந்த வெச்சி, கொட்டற மழையில திருப்புலிவனம் வரிக்கும் மிதிச்சி, உன் வூட்டுக்கே இட்டாந்து உன் புள்ளைக்கு ஊசி போட்டுட்டு, போறப்போ அந்த ஆட்டையும் நாலு திட்டு திட்டிட்டுப் போனேனே... அந்தப் பட்டனை எங்கடி வெச்ச?"