உரசாத டயர்

விடத்தல்தீவுக் கடற்கரையில், மில்ரனின் உயரம் குறைத்துப் பதித்த காருக்கு அவனே பூட்டிய அகலமான புது ரிம்களில் மாலை வெயில் தெறிக்கிறது. இதே வேலையைத் தானும் செய்த பிறகு சிவரூபனின் காரிலோ வளைவுக்கு வளைவு டயர் மட்காட்டில் கறகறவென்று உரசுகிறது. "பின்னால ஏறி இருங்கோ அண்ணை, பாரத்துக்கு உரசுதோ பாப்பம்," என்கிறான் மில்ரன். சிவரூபன் தொப்பென்று விழுந்து உட்காருகிறான். மில்ரன் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்புகிறான், கார் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. கடற்காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அடுத்த பள்ளத்தில் சிவரூபன் பல்லைக் கடித்துக்கொண்டு சீற்றை அமுக்குகிறான். அப்போதும் இல்லை. "உரசுதோ அண்ணை?" "ஓம், வலப்பக்கம் லேசா," என்கிறான் சிவரூபன் வெளியே பார்த்தபடி. மில்ரன் உடனே இறங்கி, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மணலில் மல்லாந்து படுத்து, டயருக்கு மேலே விரலை விட்டு, இல்லாத உரசலைத் தேடுகிறான்.