இருநூறு சட்டை

நடுவர் அம்மா துணியை ஒட்டி நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

துணி முழுக்க அச்சிட்ட சோழிகள். ஒவ்வொன்றின் பிளவைச் சுற்றியும் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள். எல்லாச் சோழியிலும் மேல்வரிசையில் ஒரே ஒரு கோடு மட்டும் விடுபட்டிருந்தது.

“இது விட்டுப்போச்சாம்மா? திரும்பத் திரும்ப அச்சடிக்கிற கட்டத்துல ஒரு தப்பு வந்தா துணி பூரா அதே தப்புதான் வரும்.”

“விட்டுப்போகலைங்க. வேணும்னே விட்டது.” துணியை வரைந்த விலிசி சொன்னாள்.

எங்கள் பஸ் டிப்போ நடத்திய சட்டைத் துணிப் போட்டி அது. ஜெயித்தால் ஃபிஜித் தலைநகர் சுவாவில் எங்கள் டிப்போ டிரைவர்கள் இருநூறு பேருக்கும் அடுத்த வருஷச் சட்டை இந்தத் துணிதான். தோற்றால் டிசைன் படிப்பை விட்டுவிட்டு டிப்போ வேலைக்கு வருவதாக அவள் அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த டிப்போவில் பஸ் ஓட்டுகிறவள். விலிசி என் மாமன் மகள். எங்கள் வழக்கத்தில் மாமன் மகளும் அத்தை மகளும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் குறை வைக்கவில்லை. அவள் வரைகிற தாள் மரவள்ளிக்கிழங்கு மடிக்கத்தான் ஆகும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்போதெல்லாம் அவள் என்னையே பார்த்தபடி நோட்டில் எதையோ கிறுக்குவாள். ரோஷமே இல்லாத பெண் என்று நினைத்திருந்தேன்.

நடுவர் பத்தடி பின்னால் போனார். சட்டைத் துணியைத் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டுமாம். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஏனென்று தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தார். மற்ற துணிகளின் பக்கம் திரும்பவே இல்லை.

விலிசி ஜெயித்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் என்னை வாசல் பக்கம் தள்ளினாள்.

“அங்க போய் நின்னு பாரு, மெரே.”

போய் நின்று பார்த்தேன்.

அங்கிருந்து பார்த்தால் அவை சோழிகளே இல்லை. எல்லாம் ஆவென்று திறந்து சிரிக்கிற வாய்கள். என் நாக்கு தானாகவே மேல்வரிசையில், நெட்பால் ஆட்டத்தில் பல் போன இடத்துக்குப் போனது.

இனி இருநூறு பேர் நெஞ்சிலும் முதுகிலும் நான்தான். என் முதுகிலும் நானேதான். கோபப்படவும் வழியில்லை.

வேறென்ன செய்ய, சிரித்தேன். ஹாலில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், துணியைப் பார்த்தார்கள், மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.